நாலைவிட அஞ்சு பெருசு

இரண்டாம் கியருக்கு மட்டும்
டிசம்பர் ஆகாது.
காலை ஆறரைக்குக் காக்ஸ் டவுன் மேட்டில்
கிளட்ச்சை மிதித்துக் கம்பியை இழுத்தால்
நறநறவென்று பல்லைக் கடிக்கும்.
இரண்டு கிலோமீட்டர் போனபின்
ஒன்றுமே நடவாததுபோல் வழிவிடும்.

தொண்ணூற்றேழாம் வருடத்து எஸ்டீம்.
எனக்கு ஆறு வயது இளையது.
எனக்கு முன் மூன்று பேர் ஓட்டியிருக்கிறார்கள்.
யார் என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று
ஆர்.சி. புத்தகத்தில் எழுதவில்லை.

ஜே.சி. ரோட்டில் கலீமுல்லா கடை.
தமிழில் விசாரித்து
கன்னடத்தில் விலை சொல்லி
உருதுவில் தம்பியை ஏசுகிறவர்
ஒரு டப்பாவைத் தூக்கி மேஜைமேல் வைத்தார்.
ஜிஎல் ஐந்து.
"நாலு இல்லையா?"
"நாலைவிட அஞ்சு பெருசுதானே மேடம்?"

பெருசுதான்.
பின் அச்சில், பல்லும் பல்லும் நசுங்கும் இடத்தில்
அதன் கந்தகம் இரும்பைக் காப்பாற்றும்.
என் பெட்டிக்குள் இருப்பவையோ பித்தளை வளையங்கள்.
இருபத்தேழு வருடமாக,
வெவ்வேறு வேகத்தில் சுற்றும் இரண்டு இரும்புகளை
உரசி உரசி
ஒரு வேகத்துக்குக் கொண்டுவந்து கோத்துவிடுபவை.
அதிகம் வழுக்கினால் அவற்றுக்கு வேலை ஓடாது.
கொஞ்சம் பிடிமானம் வேண்டும், கொஞ்சம் உரசல்.
அந்தக் கந்தகமோ
பித்தளையை மெல்ல மெல்ல
சத்தமில்லாமல் தின்னும்.

இவ்வளவையும் நான் சொல்லவில்லை.
"பித்தளையைத் தின்னுடும் பாய்" என்றேன்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி
டப்பாவின் முதுகைப் படித்துவிட்டு
"ரொம்பச் சின்ன எழுத்து" என்றார்.

பக்கத்தில் ஃபேன் பெல்ட் வாங்க வந்த டெம்போக்காரர்
கேட்காமலே சொன்னார்:
"பழைய வண்டிக்கு நூத்தி நாப்பது ஊத்துங்க.
நல்லா தடிப்பா இருக்கும். சத்தமே வராது."

வராதுதான்.
எனக்குச் சத்தம் வரவேண்டும்.
பேரிங் அழத் தொடங்கினால்
அன்றைக்கே என் காதில் விழவேண்டும்.
அதோடு
டிசம்பரில் பாகாய் உறைந்து கிடப்பதற்கு
ஏற்கெனவே என்னிடம் ஒரு கியர் இருக்கிறது.

ஏணி போட்டு ஏறிய தம்பி
மேல்தட்டின் மூலையிலிருந்து
தூசு தட்டிக் கொண்டுவந்தான்:
எழுபத்தைந்து டபிள்யூ தொண்ணூறு, ஜிஎல் நாலு.
மூன்று லிட்டர். ஒரு புனல்.
ஒரு முழம் ரப்பர் குழாய் இனாம்.

ஞாயிற்றுக்கிழமை, பேஸ்மென்ட், பி முப்பத்தேழு.
இங்கே ஆயில் மாற்றக் கூடாது என்ற
சங்கத்தின் நோட்டீசுக்கு நேர் கீழே
அட்டைப்பெட்டியைக் கிழித்து விரித்துப் படுத்தேன்.
ஊற்றுகிற போல்ட்டை முதலில் திறக்கவேண்டும்,
வடிகிற போல்ட்டை அப்புறம்.
முன்னது இறுகிக் கிடக்க, பின்னதைத் திறந்துவிட்டால்
காலி வயிற்றோடு வண்டி
இருந்த இடத்தில் இருக்கும்.
இதை நான் கற்றுக்கொண்ட விதத்தைச் சொல்வதாயில்லை.

செக்யூரிட்டி தீபென் வந்தான்.
நோட்டீசைப் பார்த்தான், வெளியே நீட்டிய என் காலைப் பார்த்தான்.
குனிந்து டார்ச்சை வாங்கிப் பிடித்துக்கொண்டான்.

வெளிச்சத்தில் வடிந்தது
பழந்தேன் நிறம்.
அதற்குள் பொன்துகள்கள்
சுழன்று சுழன்று இறங்கின.
"சுந்தர்" என்றான் அவன்.
நானும் ஒரு நொடி
அழகு என்றுதான் நினைத்தேன்.
என் இரண்டாம் கியர் அது.

போல்ட்டுக் காந்தத்தில் மழித்தெடுத்த தாடிபோல
இரும்புத்தூள். துடைத்து மாட்டினேன்.
மேலேயிருந்து குழாய் வழியே
நாலு சொட்டுச் சொட்டாக இறங்கியது,
அவசரமே இல்லாமல். விளிம்பில் கசிந்ததும் நிறுத்தினேன்.

மூன்று தரம் சோப்புப் போட்டும்
விரலில் வாசம் போகவில்லை.
தீபாவளிக்கு மறுநாள் தெருவின் வாசம்.
அந்தக் கையால் ரசம் சாதம் பிசைய முடியவில்லை.
ஸ்பூனால் தின்றேன்.

திங்கள் காலை, மேடு, பதினாறு டிகிரி.
கடித்தது.
முன்னைவிடக் கொஞ்சம் குறைவாக, அவ்வளவுதான்.
தேய்ந்துபோன பித்தளையை
எந்த டப்பாவும் திருப்பித் தராது.
நியூட்ரலில் அரை மூச்சு நிறுத்தி
இன்னொரு தரம் கேட்டேன்.
வந்தது.

பின்னால் பிஎம்டிசி பஸ்
ஹாரனில் கையை எடுக்கவேயில்லை.
அடிக்கட்டும்.